நம் குழல் வட்டத்தின் ஆண்டறிக்கை – 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, டீச்சர் அவர்களே, உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் குடும்பத்தினரே, எல்லோருக்கும் வணக்கம். டீச்சருக்குத் தமிழ் தெரியாது. அவரைப் பற்றி வரும் இடங்களைத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருவதாக ஏற்பாடு. அதனால் கொஞ்சம் அடக்கித்தான் எழுதியிருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் சிலர் இருப்பதால், நாம் வாசிப்பது எந்தக் குழல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்க்கெஸ்ட்ராவில் பார்க்கும் வெள்ளிக் குழல் அல்ல. ஐரிஷ் குழல். மரத்தில் கடைந்தது, உள்துளை கால்பக்கம் போகப் போகக் குறுகும், விரலாலேயே மூடுகிற ஆறு துளைகள். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ருடால் அண்ட் ரோஸ் போன்ற கம்பெனிகள் கச்சேரிக்காகச் செய்த குழலின் வாரிசு இது. ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1832இலும் மறுபடி 1847இலும் குழலின் அமைப்பையே மாற்றினார். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போய்விட, பழைய மரக்குழல்கள் மலிவு விலையில் கைமாறி அயர்லாந்தின் கிராமத்து வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. ஸ்லைகோ, லீட்ரிம், ராஸ்காமன் கவுண்டிகள் குழலுக்கென்றே பேர்போனவை. வேலை தேடி வந்த நாம் அதில் ஒன்றான ஸ்லைகோவில் குடியேறியது நம் அதிர்ஷ்டம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டின் பெரிய விவகாரம் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இனி வகுப்பில் நொட்டேஷன் தாள் கிடையாது, மெட்டைக் காதால் கேட்டுத்தான் கற்க வேண்டும் என்று ஜனவரியில் செயற்குழு முடிவெடுத்தது. டீச்சர் ரொம்ப நாளாகச் சொல்லிவந்ததுதான். நாம்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தோம். அதற்கு முன்பு எப்படி இருந்தோம் என்று நினைத்துப் பாருங்கள். சுரங்களை ஆங்கில எழுத்துகளால் குறிக்கும் ஏபிசி எழுத்துமுறையில் அச்செடுத்த தாளை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு, வகுப்புக்கு ஒரு மெட்டு என்று ஓட்டினோம். கோப்பு தடித்தது. ஆனால் ஊர்க்காரர்கள் பப்பில் கூடி வாசிக்கும் செஷனில் போய் உட்கார்ந்தால் அதே மெட்டை அவர்கள் வேறு மாதிரி திருப்பினார்கள், நம்மால் ஒட்ட முடியவில்லை. தாளைக் கொண்டுபோகவும் முடியாது. பப்பில் ஸ்டாண்டை விரித்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைச் சிலர் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள்.

முடிவுக்கு எதிர்ப்பும் இருந்தது, அதையும் பதிவு செய்ய வேண்டும். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, “எழுதி வைப்பது தப்பு என்றால் ஓ’நீல் எதற்காக அத்தனை மெட்டுகளை அச்சுப் போட்டார்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிரான்சிஸ் ஓ’நீல் மேற்குக் கார்க்கில் 1848இல் பிறந்து, சிகாகோ நகரின் போலீஸ் தலைவராக உயர்ந்தவர். அவரே குழல் வாசிப்பவர். 1903இல் 1,850 மெட்டுகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். ஆனால் டீச்சர் ஒன்றைச் சொன்னார்: பிரான்சிஸ் ஓ’நீல் எல்லாவற்றையும் காதில்தான் வைத்திருந்தார். அவர் வாசித்துக் காட்ட, சுரப்படுத்தி எழுதியவர் அதே போலீஸ் படையில் இருந்த ஜேம்ஸ் ஓ’நீல். இதைக் கேட்டதும் கூட்டத்தில் சிரிப்பு. மூத்தவரும் சிரித்தார், ஆனால் வாக்கை மாற்றவில்லை.

முடிவுக்குப் பின் வகுப்பு எப்படி நடந்தது? டீச்சர் இரண்டு அளவு, அதாவது இரண்டு தாளக் கட்டம், மட்டும் வாசிப்பார், நாம் திருப்புவோம். மறுபடி அதே இரண்டு அளவு. பிறகு ஊதாமல் விரலை மட்டும் அசைக்கச் சொல்வார். எல்லாருக்கும் வந்த பிறகுதான் அடுத்த இரண்டு. எட்டு அளவு ஒரு பகுதி, அதை இரண்டு முறை. அடுத்த எட்டு இன்னொரு பகுதி, அதுவும் இரண்டு முறை. ஆக 32 அளவில் ஒரு சுற்று. ரீல், ஜிக், ஹார்ன்பைப் என்ற நடன மெட்டு வகைகள் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். முழுதாக வந்த பிறகு போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி. முதலில் போனை எடுத்தால் திட்டு.

இதில் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஊரில் கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இது புதிதே இல்லை. குரு ஒரு வரி சொல்ல, சிஷ்யர் திருப்பிச் சொல்லி வளர்ந்தவர்கள் அவர்கள். மெட்டை லபக்கென்று பிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு வந்த சிக்கல் வேறு. மூங்கில் குழலில் விரலைத் துளைமேல் இழைத்து கமகம் கொடுத்துப் பழகிய கை இங்கேயும் இழைத்தது. “வழுக்காதே, சொடுக்கு” என்பதுதான் ஆண்டு முழுக்க டீச்சர் அவர்களிடம் சொன்னது. இங்கே ‘கட்’ என்றால் மேல்விரல் ஒன்றைக் கண்ணிமைக்கும் நேரம் தூக்கி வைப்பது. ‘டேப்’ என்றால் கீழ்விரல் ஒன்றால் துளையைத் தட்டி எடுப்பது. ‘ரோல்’ என்பது சுரம், கட், அதே சுரம், டேப், மறுபடி அதே சுரம். இதில் கட்டும் டேப்பும் தனிச் சுரமாகக் கேட்கக் கூடாது, நாக்கால் தட்டுவது போல் ஒரு வெட்டு விழுந்தால் போதும். ஐரிஷ் வாசிப்பிலும் வழுக்கல் உண்டு, ஆனால் சமையலில் உப்பு மாதிரி.

சங்கீதமே படிக்காமல் வந்தவர்கள்தான் தாளில்லாமல் தவித்தார்கள். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். திரும்பி வருவார்கள் என்று நம்புகிறோம். அவர்களுக்காக வகுப்புக்கு முன் அரை மணி நேரம் தனிப் பாடம் வைக்க டீச்சர் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த ஆண்டு கற்ற மெட்டுகளின் எண்ணிக்கை போன ஆண்டில் பாதிகூட இல்லை என்பதும் உண்மை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கற்றதை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறார்கள்.

தாளை எடுத்து வைத்ததில் மிகப் பெரிய லாபம் மூச்சு விஷயத்தில்தான். பிடில்காரருக்கும் அக்கார்டியன்காரருக்கும் இந்தத் தொல்லை இல்லை, நமக்கு உண்டு. இந்த மெட்டுகளில் ஓய்வு என்று ஓரிடமும் கிடையாது. சுரங்கள் இடைவெளியில்லாமல் ஓடும், சுற்று முடிந்தால் அடுத்த சுற்று. அப்படியானால் எங்கே மூச்சு வாங்குவது? ஏதாவது ஒரு சுரத்தைப் பலி கொடுக்க வேண்டும். அது எந்தச் சுரம் என்பது தாளில் இருக்காது. நம்மில் பலர் எட்டு அளவு முடிந்த இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அது பாடுகிறவர் பழக்கம். ஆடுகிறவருக்கு வாசிக்கும் மெட்டில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓட்டை விழுந்தால் கால் தடுக்கும்.

மோரிசன்ஸ் ஜிக்கை எடுத்துக்கொள்வோம். ஸ்லைகோக்காரரான பிடில் கலைஞர் ஜேம்ஸ் மோரிசன் பெயரில் வழங்கும் மெட்டு. ஈ சுரத்தை ஸட்ஜமாக வைத்துக் கேட்டால் நம்மவர்களுக்குக் கரகரப்பிரியாவின் சுரங்கள் தெரியும். முதல் அளவிலேயே பி சுரம் மூன்று எண்ணிக்கை நிற்கும். பிடிலில் அங்கே ஒரு ரோல் போடுவார்கள். டீச்சர் அதை ஒருமுறை ரோலாக வாசித்தார். அடுத்த முறை இரண்டு எண்ணிக்கை மட்டும் வைத்து, மூன்றாவதை விழுங்கி, அங்கே சட்டென்று மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கியதே தெரியவில்லை. தாளத்தில் ஒரு துள்ளல் கூடியது மாதிரிதான் கேட்டது. அப்புறம் இன்னொன்றும் சொன்னார்: எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காதீர்கள், கூட்டமாக வாசிக்கும்போது அந்த இடத்தில் குழி விழும். ஆகவே அவரவர் இடத்தை அவரவரே தேர்ந்துகொண்டு, சுற்றுக்குச் சுற்று மாற்றியும் பார்த்தோம். அந்த மாலைக்குப் பிறகு தாளைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

மே மாதச் சுற்றுலா லீட்ரிமுக்கு. லௌ ஆலன் ஏரியின் மேற்குக் கரையில் டார்மன் என்ற சின்னப் பகுதி. குழல் கலைஞர் ஜான் மக்கென்னா 1880இல் பிறந்தது அந்தப் பக்கம்தான். அமெரிக்கா போய் நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக வேலை பார்த்தவர். 1921 முதல் 78 சுற்று இசைத்தட்டுகளில் வாசித்தார். மோரிசனோடு சேர்ந்து வாசித்த தட்டுகளும் உண்டு. தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடங்கள் கப்பலேறித் திரும்ப வந்து, அவரை நேரில் பார்க்காத ஒரு தலைமுறைக்கே குழல் சொல்லிக்கொடுத்தன. இருவருமே 1947இல் இறந்தார்கள். ராஸ்காமனின் பாலஹடரீனில் இன்னொரு குழல் கலைஞர் மாட் மலோய் பிறந்ததும் அதே 1947. நம் உறுப்பினர் ஒருவர் இதில் ஏதோ ஜாதகப் பொருத்தம் இருப்பதாக வண்டியில் வெகுநேரம் பேசிக்கொண்டு வந்தார்.

போகும்போது மக்கென்னாவின் பதிவுகளையும் வரும்போது மலோயின் பதிவுகளையும் கேட்டோம். மக்கென்னா மூச்சைத் தவில் கோல் போலப் பயன்படுத்துகிறார், அடிக்கு அடி உந்துகிறார், மூச்சு வாங்கும் சத்தமும் கேட்கிறது. மலோயின் வாசிப்பில் காற்றுப்பை வைத்த பைப் வாத்தியத்தின் செல்வாக்கு அதிகம். கீழ் டி சுரத்தில் பைப்காரர்கள் செய்யும் ‘கிரான்’ என்ற பொடி வெட்டு விரல் நுனியில் உதிர்கிறது. யார் பெரியவர் என்று வண்டியில் இரண்டு கட்சி. வண்டி ஓட்டியதால் என் கருத்தை யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: கற்றுக்கொள்கிறவர்களுக்கு மக்கென்னாதான். மலோயைக் கேட்டுவிட்டுக் குழலை எடுத்தால் கை ஓடாது.

ஆகஸ்டில் வெக்ஸ்ஃபோர்டில் நடந்த அகில அயர்லாந்து ஃப்ளாவுக்குச் சிலர் போய்வந்தார்கள். ஐரிஷ் பாரம்பரிய இசைக்கான கோல்டஸ் அமைப்பு 1951இல் தொடங்கிய காலத்திலிருந்து நடத்திவரும் விழா அது. போட்டி மேடைகளைவிடத் தெரு முனைகளில் நடந்த வாசிப்புதான் பிடித்தது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நம் ஆட்கள் போட்டியில் கலந்துகொள்ளவில்லை. ஒரு தெரு செஷனில் ‘ஸ்லைகோ மெய்ட்’ ரீல் ஓடியபோது கூடவே வாசித்துக் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். ஊர்ப் பெயர் கொண்ட மெட்டு என்பதால் விட்டுக்கொடுக்க மனமில்லையாம்.

பொங்கல் விழாவில் வாசித்ததையும் குறிப்பிட வேண்டும். தமிழ் நண்பர்கள் நடத்திய விழா. ஐரிஷ் மெட்டு வாசித்தால் கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. தலைவர்தான் யோசனை சொன்னார். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் பேண்டு வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு சமஸ்கிருதச் சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்களில் ‘வந்தே மீனாக்ஷி’ ஒன்று. அதன் மெட்டு ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. மாலோ இங்கே கார்க் கவுண்டியில் இருக்கும் ஊர். பாட்டு வகுப்புக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் முதலில் பாடினார்கள். அடுத்து நாம் அதையே போல்கா என்ற நடன மெட்டாக வேகமாகத் திருப்பினோம். மாமி ஒருவர் ஓடிவந்து, “இது எங்க பாட்டாச்சே, உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?” என்று கேட்டார். டீச்சரோ, “எங்கள் மெட்டு உங்கள் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி வருத்தமான செய்தி. இரவல் கொடுக்க வைத்திருந்த நம் வட்டத்தின் ஒரே கருமரக் குழலின் தலைப்பகுதி பிப்ரவரியில் நீளவாக்கில் வெடித்துவிட்டது. ஹீட்டர் ஓடும் அறையில் வெளியே கிடந்திருக்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டுபோகும், மரம் சுருங்கும். உள்ளே இருக்கும் பித்தளைக் குழாய் சுருங்காது. அப்புறம் மரம் என்ன செய்யும்? யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பழுது பார்ப்பவர் விரிசலை ஒட்டிச் சரிசெய்து கொடுத்தார், சத்தம் பழையபடி இருக்கிறது. அந்த மரம் தான்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்வது, நம் ஈட்டி மரத்தின் இனம். இப்போது சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. நல்ல கருமரக் குழலுக்குப் பெயர்பெற்ற கைவினைஞர்களிடம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே இனி இரவலுக்கு டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழல் மட்டுமே என்று செயற்குழு தீர்மானித்துள்ளது. வெயில் குளிர் எதற்கும் அசையாது, எண்ணெயும் கேட்காது. மரக்குழலைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் வாசித்து முடித்ததும் உள்ளே துடைக்கவும், அவ்வப்போது பாதாம் எண்ணெய் பூசவும், பெட்டிக்குள்ளேயே வைக்கவும் வேண்டுகிறேன். புதுக் குழலை முதல் சில வாரங்கள் தினம் சிறிது நேரம் மட்டும் ஊத வேண்டும். ஆசையில் மணிக்கணக்காக ஊதாதீர்கள்.

வகுப்பு நடக்கும் மண்டபத்தின் வாடகை உயர்ந்திருக்கிறது. வேறு இடம் பார்க்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள், தங்கள் பெயரை அவர் படிப்பதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.

வரும் ஆண்டு ஃப்ளா பெல்ஃபாஸ்டில் நடக்கவிருக்கிறது. வடக்கு அயர்லாந்துக்கு அது போவது 2013இல் டெர்ரிக்குப் பிறகு இப்போதுதான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் எல்லை தாண்ட விசா தேவையா என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சாலையில் சோதனைச் சாவடி இல்லை என்பதால் விதியும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஜூலையில் டபர்கரியில் நடக்கும் தெற்கு ஸ்லைகோ கோடைப் பள்ளி நமக்குப் பக்கம். குழல் வகுப்பில் சேர விரும்புகிறவர்கள் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுக்கலாம். ஸ்லிப் ஜிக் கற்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், மும்மூன்றாக ஒன்பது எண்ணும் அந்தத் தாளத்தைப் பிப்ரவரியில் தொடங்குவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார்.

தாள் விவகாரத்தில் மறுபரிசீலனை கேட்டு ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. முன்மொழிந்தவர் நம் மூத்தவர்தான். வகுப்பில் வேண்டாம், ஆனால் கற்று முடித்த மெட்டுகளை வீட்டில் மறக்காமலிருக்க எழுதிக் கொடுக்கலாம் என்கிறார். இதில் எனக்கும் உடன்பாடு உண்டு. டீச்சர், முதல் இரண்டு அளவு மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், மீதி விரலுக்கு நினைவு வரும் என்கிறார். தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு.

இந்த அறிக்கையை அவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்