குளிர்காலம் பெண் கேட்டு வந்த கதை

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணாவுக்குச் சர்க்கரை குறைந்தது நல்ல செய்தி. இனியாவது கல்யாண வீடுகளில் பாயசம் இருக்கும் பக்கமே அவரை விடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வாரக் கடைசியானால் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து நிற்கிறான்.

உங்கள் வீட்டு நிலா, மந்திரக்காரிகளும் காதலுமாக இங்கிலீஷ் நாவல்களைப் படித்துத் தள்ளுகிறாள், தடுப்பதா விடுவதா என்று கேட்டிருக்கிறாய். ஹாஸ்டலில் போர்வைக்குள் டார்ச் அடித்துத் தொடர்கதை படித்தவர்கள் நாம், எந்த முகத்தோடு தடுப்பது? ஆனாலும் உன் கவலை எனக்குப் புரிகிறது. அந்த ரகத்தில் நானும் இரண்டு மூன்று படித்துப் பார்த்தேன். நாயகனுக்கு முந்நூறு வயது, அபாரமான சக்தி. நாயகி போகுமிடமெல்லாம் பின்னால் வருவான், அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அவளைக் கேட்காமலே அவளுக்காக எல்லாம் செய்வான். கதையில் இதுதான் காதல்!

அதனால் நிலாவிடம் இன்னொரு புத்தகத்தையும் கொடு. இங்கிலீஷ் எழுத்தாளர் டெரி ப்ராட்செட் 2006இல் எழுதிய 'விண்டர்ஸ்மித்'. இதிலும் மந்திரக்காரி, இதிலும் பெரிய சக்தி படைத்த ஒருவன் பின்னால் சுற்றுகிறான். அவன் குளிர்காலமேதான். கதாநாயகி டிஃபனி ஏக்கிங்குக்கு இன்னும் பதின்மூன்றுகூட நிறையவில்லை. ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பெண். மலைப்பக்கம் ஒரு கிழவியிடம் தொழில் பழகுகிறாள். தொழில் என்றால் பறக்கிற துடைப்பம் மட்டும் என்று நினைக்காதே. பிரசவம் பார்ப்பது, கிழவர்களுக்குக் கால் நகம் வெட்டிவிடுவது, செத்தவரோடு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான் அங்கே மந்திரக்காரியின் வேலை. நம் ஊரில் மருத்துவச்சிப் பாட்டி செய்ததெல்லாம் இதுதானே.

இங்கிலாந்தில் மே மாதம் முதல் நாள் விடியலில் காலில் மணி கட்டி மோரிஸ் என்றொரு நடனம் ஆடுவார்கள், கோடையை வரவேற்க. ப்ராட்செட் அதைத் தலைகீழாகப் புரட்டி, குளிர்காலத்தை வரவேற்கவும் ஒரு கறுப்பு நடனம் உண்டு என்கிறார். இலை உதிர்ந்த காட்டில், ஓசையே எழுப்பாத மணிகளோடு ஆடுவது. சும்மா பார்க்கப் போன டிஃபனி, ஆட்டத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதைக் கண்டு உள்ளே குதித்துவிடுகிறாள். அது கோடைக்கு உரிய இடம். கூட ஆடிய குளிர்காலத்துக்கு அந்த நிமிடத்திலிருந்து அவள்மேல் பைத்தியம்.

அப்புறம் பரிசு வருகிறது பார்! பனியில் பூத்த ரோஜாக்கள். அவள் உருவத்திலேயே விழும் பனித்துகள்கள். கடலில் அவள் சாயலில் மிதக்கும் பனிமலைகள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருக்கிறது என்பதை ப்ராட்செட் மறைக்கவில்லை. எந்தப் பையன் இவளுக்காகப் பனிமலை செதுக்கியிருக்கிறான்? ஊரில் ரோலண்ட் என்று ஒரு பையன் கடிதம் போடுகிறான், அதிலும் வேறொரு பெண்ணின் பெயர் வந்து இவள் எரிச்சலை ஏற்றுகிறது. பயமும் பெருமையும் கலந்த இந்த மனநிலையை இவ்வளவு நேர்மையாக எழுதிய ஆண் எழுத்தாளர்கள் குறைவு.

ஆனால் அவள் உருவத்தில் விழுந்தாலும் பனி பனிதானே. அது நிற்காமல் விழுகிறது. அவள் அப்பாவின் கிடையில் ஈனும் பருவம், குட்டிகள் பனிக்குள் புதைகின்றன, அப்பா மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருக்கிறார். புத்தகமே இந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது. கேட்காமல் வந்த பரிசுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதைக் காதலைச் சொல்வதற்கு முன்பே காட்டிவிடுகிறார். நிலா படிக்கும் கதைகளில் இந்தக் கணக்கு வருவதே இல்லை, கவனித்துப் பார். டிஃபனியும் தப்பித்துவிட முடியாது. 'அவன்தானே செய்தான்' என்று கை கழுவ மூத்த மந்திரக்காரி கிரானி வெதர்வாக்ஸ் விடுவதில்லை. ஆட்டத்தில் குதித்தது நீ, முடித்து வைப்பதும் நீதான் என்கிற கண்டிப்பு.

அவனையும் வெறும் வில்லனாக்கவில்லை. மனிதன் ஆனால் அவள் கிடைப்பாள் என்று எண்ணி, ஊர்ப் பிள்ளைகள் பாடும் பாட்டில் உள்ளபடி உடம்புக்கு வேண்டிய சாமான்களைத் திரட்டுகிறான். ஓர் ஆணிக்குப் போதுமான இரும்பு, சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு, இப்படி. பாட்டின் கடைசி மூன்று வரிகள் மட்டும் அவனுக்கு எட்டவில்லை: வீடு கட்டும் வலு, குழந்தையை ஏந்தும் பொழுது, நெஞ்சு உடையும் அளவுக்கு அன்பு. பாவமாகத்தான் இருந்தது எனக்கு.

உனக்காக ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிப்பாய். ரோலண்ட் கொடுத்த வெள்ளிக் குதிரைப் பதக்கத்தை வைத்துத்தான் குளிர்காலம் அவளைக் கண்டுபிடிக்கிறான். கிரானி சொல்லி அதை ஆற்றில் எறிகிறாள். கடைசியில் அது ஒரு மீன் வயிற்றுக்குள்ளிருந்து திரும்பி வருகிறது! சகுந்தலை மோதிரம் எங்கெல்லாம் நீந்தியிருக்கிறது பார். அந்தக் குதிரைகூட நிஜமான ஒன்றின் சாயல். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் அஃபிங்டன் குன்றில் சுமார் 110 மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்பு தெரிய வெட்டிய வெள்ளைக் குதிரை, மூவாயிரம் வருஷத்துப் பழசு.

நிலாவுக்குப் பிடிக்கப்போவது நீல நிறக் குள்ளர்கள்தான். அரையடி உயரமே உள்ள சண்டைக்காரக் கூட்டம். டிஃபனிக்கு உதவக் காதல் என்றால் என்னவென்று கற்க வேண்டி, ஒரு மலிவு ரொமான்ஸ் நாவலை எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன். நடுவில் கொஞ்சம் இழுவைதான், பாதாளத்துக்குப் போகும் பகுதி எனக்கு ஒட்டவில்லை.

இது ஐந்து புத்தகத் தொடரில் மூன்றாவது. முதலிலிருந்து படிக்கச் சொல், 2003இல் வந்த 'தி வீ ஃப்ரீ மென்'. நான்காவதில் ரோலண்ட் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இதை மட்டும் அவளிடம் உளறிவிடாதே. கடைசி நூல் 2015இல், ப்ராட்செட் இறந்த பிறகு வந்தது.

என் பிரதியைத் தை மாதம் சென்னை வரும்போது கொண்டு வருகிறேன். அவளுக்கு முன்னால் நீ படித்துவிடு. அண்ணாவைக் கேட்டதாகச் சொல். அப்புறம், போன தடவை கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய்க்கு உப்பு எவ்வளவு போட்டாய் என்று இன்னும் நீ எழுதவே இல்லை.

உன்
வசந்தா