தற்காலிக சபாநாயகர் இங்கு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துவிட்டு, நமது இலங்கைப் பாராளுமன்றத்துக்கும் தற்காலிக சபாநாயகர் நியமிக்கப்படுவதாகவே மலையக மாணவர் பலர் எழுதுகிறார்கள். அங்கு ஆளுநர், வழமையாக மூத்த உறுப்பினர் ஒருவரை அப்பதவிக்கு நியமிப்பார். அவர் முன்னிலையில் உறுப்பினர்கள் பதவியேற்ற பிறகே சபாநாயகர் தேர்தல்.

இங்கு வரிசையே வேறு. முதல் அமர்வில் பாராளுமன்றச் செயலாளர் நாயகம் சபாநாயகர் தெரிவை நடத்துவார். ஒரே பெயர் முன்மொழியப்பட்டால் வாக்கெடுப்பில்லை. போட்டியென்றால் இரகசிய வாக்குச்சீட்டு. 2004இல் 110க்கு 109 என்று ஒரேயொரு வாக்கில்தான் முடிவானது! சபாநாயகர் தெரிவான பின்னரே மற்றவர்களின் சத்தியப்பிரமாணம்.

பின்னர் சபாநாயகர் சமுகமளிக்காவிட்டால் பிரதிச் சபாநாயகர், அவரும் இல்லையேல் குழுக்களின் பிரதித் தவிசாளர் தலைமை தாங்குவர். மூவரும் இல்லாவிட்டால், அரசியலமைப்பின் 64ஆம் உறுப்புரைப்படி, அந்த அமர்வுக்கு மட்டும் ஓர் உறுப்பினரைச் சபையே தெரிவு செய்யும். குடியியல் வினாத்தாள் தயாரிப்போர் இவ்வேறுபாட்டைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

வாசகர்,
ஹட்டன்