குறுக்கு வெட்டில் தெரியாத வரிசை

அன்புள்ள நண்பனுக்கு,

கண் அறுவைக்குப் பிறகு மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று உன் கடிதத்தில் கண்டு மகிழ்ந்தேன். முதலில் கையில் எடுத்தது நம் பழைய உடற்கூறியல் நூல் என்பதில் எனக்கு வியப்பில்லை. தண்டுவடத்தின் குறுக்கு வெட்டுப் படத்தில், முன்கொம்புக்குள், அதாவது நடுவிலுள்ள சாம்பல்நிறப் பகுதியின் முன்பக்க நீட்சிக்குள், இயக்க நரம்பணுக்களை எள்ளைத் தூவியது போல வரைந்திருக்கிறார்களே, அவற்றுள் ஒழுங்கு ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தாய். சென்ற வாரம் ஒரு மாணவியும் இதையே கேட்டாள். அவளுக்கு அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்ட குறை மனத்தில் இருப்பதால், உனக்காவது விரிவாக எழுதுகிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் கத்தி வைத்த திசைதான். ஒரு தசையை இயக்கும் நரம்பணுக்கள் உருண்டையாகத் திரண்டிருப்பதில்லை. தண்டுவடத்தின் நீளவாக்கில், பெரும்பாலும் இரண்டு மூன்று கண்டங்கள் (ஒவ்வொரு நரம்பு இணையும் கிளம்பும் பகுதிகள்) வரை நீளும் மெல்லிய தூணாக அமைந்திருக்கின்றன. பூனையின் கெண்டைக்கால் தசையின் உட்பகுதிக்கு மட்டும் ஏறத்தாழ 300 ஆல்ஃபா நரம்பணுக்கள், அதாவது தசையைச் சுருக்கி விசை தருபவை, உண்டு. அத்தூணைக் குறுக்கே மெல்லிய சீவலாக வெட்டினால் கண்ணில் படுபவை ஒரு சிலவே. பக்கத்துத் தூண்களுக்கு உரியவையும் அவற்றோடு சேர்ந்து தெரிவதால் எல்லாம் சிதறிக் கிடப்பது போலத் தோன்றுகிறது. உடற்கூறியலாளர் ரோமேன்ஸ் 1951 இல் பூனையில் இதைத் தெளிவாக்கினார்: குறிப்பிட்ட நரம்பைத் துண்டித்துவிட்டு, அதனால் தோற்றம் மாறிய நரம்பணுக்களை அடுத்தடுத்த வெட்டுகளில் தேடித் தேடிக் குறித்தார். பிற்காலத்தில், தசைக்குள் செலுத்திய நொதி, நரம்பணுவின் நீண்ட இழையான ஆக்ஸான் வழியே பின்னோக்கி நகர்ந்து அதன் உடலை அடைந்து அடையாளம் காட்டும் முறை வந்தபின் இந்த வேலை எளிதாயிற்று. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ரெக்செட் 1952 இல் சாம்பல்நிறப் பகுதியைப் பத்து அடுக்குகளாகப் பகுத்தபோது இந்த நரம்பணுக்களுக்கு ஒன்பதாம் எண்ணைக் கொடுத்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். என்னைக் கேட்டால் அது அடுக்கே அன்று. மற்ற அடுக்குகளுக்குள் கிடக்கும் தீவுகளின் கூட்டம்.

தூண்கள் நிற்கும் இடங்களுக்கும் ஒரு முறை உண்டு. முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளுக்கு உரியவை உட்பக்கமாக, தண்டுவடத்தின் பெரும்பகுதி நெடுகிலும் செல்கின்றன. கை கால்களுக்கு உரியவை வெளிப்பக்கமாக, கழுத்துப் பகுதியிலும் இடுப்புப் பகுதியிலும் தண்டுவடம் பருத்திருக்கும் இடங்களில் மட்டும் உள்ளன. அந்தப் பருமனுக்கே அவைதாம் ஒரு காரணம். அவற்றுள்ளும் இடுப்பை அசைப்பவை முன்புறமாகவும், பாதத்தை அசைப்பவை பின்புறமாகவும் இருக்கின்றன. உதரவிதானத்துக்கு உரிய தூண் மனிதரில் கழுத்தின் 3 முதல் 5 வரையிலான கண்டங்களில் உள்ளது. அதற்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சு நின்றுவிடுவது இதனால்தான். எந்த உயரத்தில் எந்தத் தூண் உருவாக வேண்டும் என்பதைக் கருப்பருவத்திலேயே, உடலின் நீளவாக்கில் இடங்களை வகுக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் தீர்மானித்துவிடுகின்றன.

இப்படி இடம் பார்த்து நிறுத்தி வைப்பதால் என்ன பயன் என்று நீ அடுத்து கேட்பாய். இதற்கு நரம்பியல் ஆய்வாளர் ஜெசெலின் குழுவினர் 2011 இல் வெளியிட்ட எலி ஆய்வு எனக்கு மிகவும் பிடித்த விடை. ஃபாக்ஸ்பி1 என்னும் மரபணுவை நீக்கினால், கால்களுக்கு உரிய நரம்பணுக்கள் தம் அடையாளத்தை இழந்து இடம் மாறிக் கலந்துவிடுகின்றன. ஆயினும் தசையிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்பு இழைகள், வழக்கமாக எந்த மட்டத்துக்குச் செல்லுமோ அதே மட்டத்துக்கே சென்று, அங்கே இருக்கும் நரம்பணு எந்தத் தசைக்கு உரியதாயினும் அதனோடு இணைகின்றன. அவை தேடி வருவது வீட்டை. வீட்டில் குடியிருப்பவரை அன்று. நரம்பணு நிற்கும் இடமே, அதற்குச் செய்தி எங்கிருந்து வரும் என்பதில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஆனால் ஒரு தூணுக்குள் புகுந்து பார்த்தால் கதை வேறு. அங்கே பெரியவையும் சிறியவையும் கலந்தே இருக்கின்றன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காமா நரம்பணுக்கள். இவை தசையைச் சுருக்கி விசை தருவதில்லை. தசையின் நீட்சியை உணரும் தசைக்கதிர்களின் உணர்திறனை மட்டும் சீர்செய்கின்றன. ஆல்ஃபாக்களுள் யார் முதலில் செயல்படுவது என்பதை நிற்கும் இடம் தீர்மானிப்பதில்லை, உருவ அளவே பெரிதும் தீர்மானிக்கிறது என்று உடலியங்கியலாளர் ஹென்னமன் காட்டினார். சிறிய நரம்பணுவின் மின்தடை அதிகம். ஆகவே ஒரே அளவு தூண்டுதல் அதன் மின்னழுத்தத்தைக் கூடுதலாக உயர்த்துகிறது, அதுவே முதலில் துடிக்கிறது. எளிதில் களைக்காத தசைநார்கள் அதன் பொறுப்பில் இருப்பதால், நாம் நிற்பதற்கு அதுவே பெரும்பாலும் போதும். பெரியவை துள்ளிக் குதிக்கும்போதுதான் வருகின்றன.

இன்னொன்று. நூலில் வரைந்திருக்கும் புள்ளி நரம்பணுவின் உடல் மட்டுமே. அதன் டென்ட்ரைட் கிளைகள் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் நீண்டு, சில சாம்பல்நிறப் பகுதியைச் சூழ்ந்த வெண்பகுதிக்குள்ளும் நுழைகின்றன. அதன் மீது அமரும் சினாப்ஸ்களில் (பிற நரம்பணுக்கள் செய்தி தரும் இணைப்புகளில்) பெரும்பான்மை அக்கிளைகளின் மேல்தான் உள்ளன. ஆகவே அந்தப் பக்கத்தைத் திறந்து, ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பென்சிலால் கோடுகளை இழுத்துவிடு. ஒன்றிரண்டாவது சாம்பல்நிற எல்லையைத் தாண்டட்டும். மாணவிக்கும் நாளை அதையே வரைந்து காட்டப் போகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்