ஆற்றை அளக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையை அம்மா காட்டினாள். எனக்கே அனுப்பியிருக்கலாம், பரவாயில்லை. மாதம் தவறாமல், அதே இடத்தில், மாணவர்களை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றை அளப்பது லேசான வேலை இல்லை. பெருமையாக இருக்கிறது.

ஆனால் மதியம் எடுத்த நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 11 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறாய். 30 டிகிரியில் காற்றிலிருந்து நீர் கரைத்துக்கொள்வது ஏறக்குறைய 7.5தான். 'ஆறு நலமாக இருக்கிறது' என்று பிள்ளைகள் எழுதியிருப்பதை இப்போதைக்கு அடித்துவிடச் சொல். பாசி மண்டிய ஆறு வெயிலில் 11 காட்டும், பாசியே ஆக்சிஜனை விடுவதால். ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடியும் முன் மீன் திணறுகிற அளவுக்கு இறங்கிவிடும். மதிய அளவை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். விடியற்காலையிலும் ஒன்று எடுக்க வேண்டும்.

இருட்டில் ஆற்றில் இறங்கு என்று சொல்லவில்லை. வெளிச்சம் வந்த உடனே போதும், கரையில் நின்றே எடுக்கலாம். மேலே எங்காவது மழை பெய்திருந்தால் அன்று போகவே வேண்டாம். முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் யாரும் இறங்கக் கூடாது. காலில் கீறல் இருக்கிற பிள்ளையைக் கரையிலேயே குறிப்பு எழுத வை.

பாசியைக் குறை சொல்லுமுன் செய்முறையையும் பார். 300 மில்லி பாட்டிலை நீருக்குள் சாய்த்து மெதுவாக நிரப்பி, உள்ளேயே மூடியைப் போட வேண்டும். ஒரு குமிழி தங்கினாலும் அளவு ஏறும். வாளியில் மொண்டு ஊற்றினால் கதையே வேறு. மாங்கனீஸ் சல்பேட் 1 மில்லி, அல்கலி அயோடைடு அசைடு 1 மில்லி, இரண்டையும் பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விடு. மூடித் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கு. பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் உண்டு, வெள்ளையாகவே நின்றால் இல்லை. அது பாதிக்குக் கீழே படிந்த பிறகு அடர் கந்தக அமிலம் 1 மில்லி. இத்தனையும் ஆற்றங்கரையிலேயே முடிய வேண்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு. அமிலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதே. மிச்சத்தை ஆற்றில் கொட்டாமல் திரும்ப எடுத்து வா.

பிறகு 201 மில்லி எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டில் டைட்ரேட் செய், அதாவது நிறம் போகும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எவ்வளவு செலவானது என்று பார். வைக்கோல் நிறத்துக்கு வெளிறிய பிறகுதான் ஸ்டார்ச். அவசரப்பட்டு முன்னாலேயே விட்டால், அமிலம் விட்டதும் வெளிவந்த அயோடின் அதோடு ஒட்டிக்கொண்டு, நீலம் மறையும் இடம் பிடிபடாது. செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம். எனக்குச் சந்தேகம் அந்தத் தயோசல்பேட் மேல்தான். பழசானால் வீரியம் குறையும், அதிகம் செலவாகும், அளவு கூடிக் காட்டும். பொட்டாசியம் அயோடேட் வைத்துச் சரிபார்த்துவிட்டு அப்புறம் 11ஐப் பற்றிப் பேசலாம்.

கோலிஃபார்ம், அதாவது கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் கிருமிகள், அதைச் சோதிக்கிற பாட்டில் இதற்கு நேர்மாறு. கிருமி நீக்கியதை ஆற்று நீரில் அலசக் கூடாது, விளிம்புவரை நிரப்பவும் கூடாது. பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். கல்லைப் புரட்டிப் பூச்சி எண்ணுவதை விட்டுவிடாதே. வேதியியல் அந்த நிமிடத்தைச் சொல்லும், பூச்சிகள் பல வாரத்துச் சங்கதியைச் சொல்லும்.

படத்தில் நீ ரப்பர் செருப்போடு நீரில் நிற்கிறாய். குதிகாலில் பிளாஸ்திரி. பூட்ஸ் போடு. காயத்தோடு இறங்காதே என்று மேலே பிள்ளைகளுக்கு எழுதியது உனக்கும்தான்.

எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காயம் வழியாக வரும். சில நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. ஆற்றில் நின்றதைச் சொல்லாவிட்டால் மருத்துவருக்கு அந்த யோசனையே வராமல் போகலாம். ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

போனில் நீ காய்ச்சல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் சொன்னாள். நாளைக்கே மருத்துவரிடம் போய் ஆற்றில் இறங்கியதைச் சொல், ரத்தம் கொடு. என்ன சொன்னார் என்பதை என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் அம்மாவிடமாவது சொல்லிவிடு.

அப்பா