வாரம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வாங்கும் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் ‘குழுக் கடன்’ என்ற ஒரே பேச்சுக்குள் இரண்டு வேறு வேறு கடன்கள் இருக்கின்றன. ஒன்று, மகளிர் திட்டத்தில் பன்னிரண்டு பதினைந்து பெண்கள் சேர்ந்து, சேமிப்பு போட்டு, தீர்மானப் புத்தகம் எழுதி, ஆறு மாதம் கழித்து வங்கியில் வாங்கும் சுயஉதவிக் குழுக் கடன். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் சேர்ந்த குழு என்றால் 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வட்டி 7 சதவீதம். இன்னொன்று, நிதி நிறுவன ஊழியர் தெருவுக்கே வந்து, ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஆதார் கார்டைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய், சில நாளில் கணக்கில் ஏற்றிவிடும் கடன். அதில் வட்டி 24 சதவீதம், அதற்கு மேலும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் அரசு தருவதுதான் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூன்று மடங்குக்கு மேல் வட்டி கொடுக்கிறோம் என்பது, அட்டையில் பாதித் தவணை கட்டிய பிறகுதான் தெரியவருகிறது.

கடன் வாங்கும் நேரத்தில் நம் ஆட்கள் கேட்கும் ஒரே கேள்வி, “வாரத்துக்கு இன்னா வரும்?” என்பதுதான். தவணை கட்டக்கூடியதாகத் தெரிந்தால் தலையாட்டிவிடுகிறார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்டாலும் சரியான பதில் வருவதில்லை.

தண்டலை எடுத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்த் தண்டலுக்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “மூணு மாசத்துக்கு ஆயிரம்தானே” என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போகிறது. ஐம்பதாவது நாளில் கிட்டத்தட்ட பாதிப் பணம்தான் நம்மிடம் இருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் நூற்றுக்கு மாதம் ஆறு ரூபாய்க்கு மேல் வட்டி, ஆண்டுக்கு ஏறத்தாழ 78 சதவீதம். 1,500 பிடித்து 8,500 கொடுத்தால் அது 120 சதவீதம் ஆகிவிடுகிறது.

இதைவிட மோசமானது நடுவில் ‘புதுப்பிப்பது’. அறுபது நாள் கட்டியவரிடம் தண்டல்காரர் வந்து, “மீதி நாலாயிரத்தைக் கழிச்சிட்டு புதுசா பத்தாயிரம் போட்டுடலாம்மா” என்பார். கையில் வருவது 5,000. மறுபடி 100 நாள். உண்மையில் அந்த 5,000-க்கும் 1,000 கழிவு போய்விட்டது. வட்டியை முதலிலேயே பிடித்துவிட்ட தண்டலை முன்கூட்டிக் கட்டினால், தண்டல்காரர் தானாக விட்டுக்கொடுத்தால் ஒழிய ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. ஆகவே ஓடுகிற தண்டலை நூறாவது நாள் வரை ஓடவிட்டு, அத்தோடு நிறுத்துங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு இது சிரமம் என்பது தெரியும். ஆனாலும் வேறு வழியில்லை.

இருசக்கர வாகனம், டி.வி., பிரிட்ஜ் வாங்கும்போது சொல்லும் ‘பிளாட் வட்டி’யும், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டியும், இதே கணக்குதான். 50,000 ரூபாய்க்கு 12 சதவீதம் பிளாட், 24 மாதம் என்றால் மொத்தம் 62,000, மாதம் 2,583. குறையும் அசலுக்கு வட்டி போட்டுப் பார்த்தால் அது 21.5 சதவீதம். வங்கி 14 சதவீதம் என்று சொல்லும் கடனைவிட இது மலிவு என்று நினைத்து வாங்குகிறவர் ஏமாந்துபோகிறார்.

நிதி நிறுவனக் குழுக் கடனில் இன்னொரு தப்பு விண்ணப்பத்திலேயே நடக்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குத் தரும் இந்தக் கடனில், அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. பீடி சுற்றியும் ஷூ கம்பெனிக்குப் போயும் வீட்டுக்கு 15,000 வருகிறது என்றால் தவணை 7,500-க்குள் நிற்க வேண்டும். ஆனால் படிவத்தில் 25,000 என்று எழுதிவிட்டால் வரம்பு 12,500 ஆகிவிடும். எழுதுவது ஊழியர், கையெழுத்து நம்முடையது. கூடுதலாகக் கடன் கிடைக்கிறதே என்று பேசாமல் இருக்கும் அந்த நிமிடத்தில்தான் வினை தொடங்குகிறது. 50,000 ரூபாய் 24 சதவீதத்தில் இரண்டு ஆண்டுக்கு மாதம் 2,644. இப்படி மூன்று நிறுவனத்தில் வாங்கினால் 7,900-ஐத் தாண்டிவிடும். செவ்வாய்க்கிழமைத் தவணைக்கு வியாழக்கிழமைக் கடன் என்று ஓடுவது இங்கிருந்துதான்.

“அக்கா, என் பேர்ல லிமிட் முடிஞ்சுபோச்சு, உன் பேர்ல எடுத்துக் குடு, நான் கட்டிடறேன்” என்று கேட்பவருக்கு மட்டும் தயவுசெய்து உடன்படாதீர்கள். அவர் கட்டாவிட்டால் கெட்டுப்போவது உங்கள் கடன் வரலாறு. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றன. உங்கள் பெயரில் என்னென்ன கடன் ஓடுகிறது என்று அதில் பாருங்கள்.

நகைக் கடனில் பெரும்பாலோர் செய்யும் பிழை, ஆண்டுக்கொரு முறை வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பது. 1 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஐந்து முறை திருப்பி வைத்ததில் 60,000 போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். தங்கம் விலை ஏறியிருந்தால் “இன்னும் கொஞ்சம் தர்றோம்” என்பார்கள். அதையும் வாங்கினால் நகை வீடு திரும்பவே திரும்பாது. நான்கு வளையலையும் ஒரே சீட்டில் வைக்காமல் இரண்டிரண்டாக இரண்டு கணக்கில் வையுங்கள். பணம் புரளும்போது ஒரு சீட்டையாவது மீட்க முடியும். கிராமுக்கு அதிகம் தரும் திட்டத்தில் வட்டியும் அதிகம் என்பதால் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மாதாமாதம் ஆயிரம், இரண்டாயிரமாக அசலில் கட்டினால் வாங்கிக்கொள்வார்களா என்பதை வைக்கும் முன்னே கேளுங்கள். ஏலம் போய்விட்டால், கடன் போக மீதித் தொகை உங்களுக்குச் சேர வேண்டியது. பலர் அதைக் கேட்பதே இல்லை.

வீட்டில் உள்ள எல்லா அட்டை, சீட்டு, புரோநோட்டு விவரத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, பாக்கி, தவணை, கடைசித் தேதி. கழிவு போக ‘கையில் வந்த தொகை’ என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள், உண்மையான வட்டி அதிலிருந்துதான் தெரியும். முன்னமே சொன்ன தண்டல் போக, மற்றவற்றில் வட்டி அதிகமானதை முதலில் முடிக்க வேண்டும். ஒரே வட்டியில் இரண்டு குழுக் கடன் இருந்தால் பாக்கி குறைவானதை முடியுங்கள். ஒரு தவணை முழுசாகக் கைக்கு மிஞ்சும், அதை அடுத்ததில் சேர்த்துக் கட்டலாம். நிதி நிறுவனக் குழுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. தாமதக் கட்டணமும் தவறிய தவணைக்குத்தானே தவிர மொத்தப் பாக்கிக்கு இல்லை. கைமாற்றுக்குக் கொடுத்த புரோநோட்டையும் தொகை எழுதாத காசோலையையும், கடன் தீர்ந்த அன்றே கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தக் குழுக் கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வருவதும், வாசலில் உட்கார்ந்து அவமானப்படுத்துவதும் விதிமீறல். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் 2003-ஆம் ஆண்டு தமிழகச் சட்டத்தில் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டவை, மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்களுக்கு உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரும் மகளிர் திட்ட அலுவலரும் ஒரு மேசை போட்டு உட்கார வேண்டும். பெண்கள் கொண்டுவரும் கடன் அட்டைகளை விரித்து, ஒவ்வொன்றின் உண்மையான வட்டியைக் கணக்குப் போட்டு அட்டையின் பின்பக்கம் எழுதித் தர வேண்டும். சேமிப்பு நின்று தூங்கிக்கிடக்கும் சுயஉதவிக் குழுக்கள் எவை என்பதையும் அங்கேயே கேட்டு, 7 சதவீதக் கடனுக்கு அவற்றை மீண்டும் தயார்செய்யும் வேலையை அன்றே தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.