ஈட்டன், ஹாரோ மட்டும்தானா இங்கிலாந்துப் பள்ளி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்துப் பள்ளி என்றாலே நம் பத்திரிகைகளில் ஈட்டனும் ஹாரோவும்தான் வருகின்றன. நேரு படித்த இடம் என்பதால் ஹாரோ நமக்குப் பழகிய பெயர். ஆனால் அவை பெரும் கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளிகள். கட்டணமே இல்லாமல், பக்கத்துத் தெருப் பிள்ளைகளெல்லாம் நடந்தும் சைக்கிளிலும் போகிற ஒரு பள்ளியைப் பற்றி உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. சென்ற ஆண்டு ஆறு மாதம் என் மகள் வீட்டில் இருந்தேன். கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஹிஸ்டன் என்ற ஊர். அதை ஒட்டியே இம்பிங்டன். எது எங்கே முடிகிறது என்று நடந்து போகிறவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பேத்தி காலையில் பையை மாட்டிக்கொண்டு “காலேஜுக்குப் போயிட்டு வரேன் பாட்டி” என்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளியின் பெயரே இம்பிங்டன் வில்லேஜ் காலேஜ். பதினொரு வயதில் சேர்க்கிற உயர்நிலைப் பள்ளிதான் அது. இப்போது மேல்நிலை வகுப்புகளும் உண்டு. அதற்கு ஏன் ‘கிராமக் கல்லூரி’ என்று பெயர் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனதில்தான் ஹென்றி மாரிஸ் என்ற மனிதர் எனக்கு அறிமுகமானார்.

மாரிஸ் ஒரு பிளம்பரின் மகன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, சவுத்போர்ட் நகரின் உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். அப்புறம் தானே முயன்று படித்து, முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பி, 1922இல் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்வித் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் அந்த மாவட்டத்தின் நடுவில் இருந்தது. சுற்றியிருந்த கிராமங்களோ விவசாயம் நொடித்துப்போய்க் கிடந்தன. பிள்ளைகள் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரை ஒரே சின்னப் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு வேலைக்குப் போனார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் ஊரை விட்டே போனார்கள்.

1924இல் மாரிஸ் ஒரு திட்ட அறிக்கை எழுதினார். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பொதுவாக ஓர் உயர்நிலைப் பள்ளி. அதே வளாகத்தில் ஊர் நூலகம், ஊர் மண்டபம், பெரியவர்களுக்கான மாலை வகுப்புகள், விளையாட்டு இடம். பகலில் பிள்ளைகள், மாலையில் அவர்களுடைய அப்பா அம்மா. பிறந்ததிலிருந்து கடைசி வரை ஒரு மனிதன் அந்தக் கட்டடத்துக்கு வந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். இதற்குத்தான் ‘கிராமக் கல்லூரி’ என்று பெயர் வைத்தார். அறிக்கை எழுதுவது சுலபம். பணம் திரட்டுவதுதான் கஷ்டம். மாவட்டத்திடம் காசு இல்லை. நன்கொடையாளர்களையும் அறக்கட்டளைகளையும் தேடித் தேடிப் போய்க் கேட்டார். 1930இல் ஸாஸ்டனில் முதல் பள்ளி திறந்தது. 1937இல் பாட்டிஷமும் லிண்டனும். இம்பிங்டன் நான்காவது, 1939. திறந்தபோதே இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது.

இம்பிங்டனுக்கு நிலம் கொடுத்தது ஹிஸ்டனில் ஜாம் தொழிற்சாலை நடத்திய சிவர்ஸ் குடும்பம். கட்டடத்தை வரைந்தவர் வால்டர் க்ரோப்பியஸ். ஜெர்மனியில் பாவ்ஹவுஸ் என்ற கலைப் பள்ளியை நிறுவியவர். நாஜிகளின் ஆட்சியில் அங்கே இருக்க முடியாமல் 1934இல் இங்கிலாந்துக்கு வந்திருந்தார். கூடவே வரைந்தவர் மேக்ஸ்வெல் ஃப்ரை. பிற்பாடு சண்டிகர் நகரத்தை உருவாக்க நம் நாட்டுக்கு வந்தாரே, அவரேதான். 1937இல் க்ரோப்பியஸ் அமெரிக்கா போய்விட, நின்று கட்டி முடித்தவர் ஃப்ரை. உலகத்தின் மிகச் சிறந்த கட்டடக் கலைஞர் ஒருவரை ஒரு கிராமத்துப் பள்ளிக்காக மாரிஸ் பிடித்து வந்தார் என்பதை நினைக்க நினைக்க எனக்கு மனம் நிறைகிறது. அழகான கட்டடத்துக்குள் தினமும் நடமாடுவதே ஒரு படிப்பு என்று அவர் நம்பினார். கிராமத்துப் பிள்ளைக்கு இது போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஹென்றி மூர் என்ற புகழ்பெற்ற ஆங்கிலச் சிற்பியிடம் ஒரு சிற்பம் செய்யச் சொல்லியும் கேட்டிருக்கிறார். அதற்கு மட்டும் பணம் சேரவில்லை.

பேத்தியின் இசை நிகழ்ச்சிக்காக ஒரு மாலை உள்ளே போனேன். ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. செங்கல்லும் கண்ணாடியும்தான். நடுவில் அகலமான நீண்ட நடைக்கூடம் ஒன்று முதுகெலும்பு மாதிரி ஓடுகிறது. ஒரு பக்கம் விசிறி வடிவ மண்டபம். இன்னொரு பக்கம் மெல்ல வளைந்து போகும் பகுதி. அது முதலிலேயே ஊர்ப் பெரியவர்களுக்கென்று கட்டியது. நூலகம், பேசிக்கொண்டிருக்க அறை, விளையாட அறை எல்லாம் அதில் வைத்தார்கள். யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடம் கட்டும்போதே விவசாயக் கூலிக்கு ஜன்னலோரம் ஓர் இடம் வரைபடத்தில் ஒதுக்கியாயிற்று!

நான் அதிக நேரம் நின்றது வகுப்பறைப் பக்கம். ஒரு தளம் மட்டும் கொண்ட நீளமான கட்டடம். தோட்டத்தைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. அதை மடித்துத் திறந்தால் வகுப்பு புல்வெளியோடு சேர்ந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். எதிர்ப்புறம் உயரத்திலும் ஜன்னல் இருப்பதால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். முப்பத்தோரு வருஷம் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்த அறைகளில் பாடம் நடத்தியவளுக்கு, கரும்பலகையில் விழும் வெளிச்சத்தின் அருமை தெரியும். கடைசிப் பெஞ்சுப் பிள்ளைக்கும் அங்கே வெளிச்சம் உண்டு.

இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். பெரிய தேவாலயங்களுக்கும் அரண்மனைகளுக்கும் கொடுக்கிற அதே தகுதி. அனுமதி இல்லாமல் அதில் மாற்றம் செய்ய முடியாது. பிள்ளைகள் பெருகப் பெருகப் புதுக் கட்டடங்கள் சுற்றிலும் எழுந்திருக்கின்றன. மேல்நிலையில் சர்வதேச பக்கலோரியா படிப்பும் இருக்கிறது. இவையெல்லாம் பள்ளியின் கையேட்டிலேயே கிடைக்கும். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நிகழ்ச்சி முடிந்து நாங்கள் வெளியே வரும்போது இருட்டிவிட்டது. எதிரே என் வயதுக்காரர்கள் இரண்டு பேர், தோளில் விளையாட்டுப் பையோடு, உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். காவலாளி யாரும் தடுக்கவில்லை. “இவங்க யாரு?” என்று மகளிடம் கேட்டேன். “ஊர்க்காரங்கம்மா” என்றாள்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நூலக அலமாரியின் சாவி எழுத்தரின் மேசைக்குள் இருக்கும். மணி நான்கரை ஆனால் வெளிக்கதவுக்கும் பூட்டு. பழைய மாணவர்கள் மாலையில் வந்து படிக்க இடம் கேட்டபோது, விதி இல்லை என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பையன்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அடுத்த முறை வெளிநாட்டுப் பள்ளிகளைப் பற்றி எழுதும்போது இம்பிங்டனையும் மாரிஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த இரண்டு படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒன்று பள்ளியின் முகப்பு. மற்றது, மாலை விளக்கு எரியும் வாசலில் அந்த இரண்டு பெரியவர்களும் நுழைவது. முதுகுப்புறம் மட்டும்தான் தெரியும். ஒரு படத்துக்குத்தான் இடம் இருக்கும் என்றால் இரண்டாவதைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை,
கும்பகோணம்.