ஷாஷீனின் சிறைவாசத்திற்கும் பாடத்தில் இடம் தாருங்கள்

கொலராடோ மாநிலத்தின் வரலாற்று ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டம் வகுப்போருக்கும்,

வணக்கம்.

1879 செப்டம்பர் 29 அன்று கொலராடோவின் ஒயிட் ரிவரில், யூட் என்ற பழங்குடி மக்களுக்கான அரசு முகவர் நாதன் மீக்கரும் அவருடைய பணியாளர்களும் கொல்லப்பட்டனர். அவருடைய மனைவி அர்வில்லா, மகள் ஜோசஃபின், ஃபுளோரா எலன் பிரைஸ், பிரைஸின் இரு குழந்தைகள் ஆகியோர் 23 நாள்கள் யூட் மக்களின் பிடியில் இருந்தனர். அப்பெண்கள் தங்களுக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமையைப் பின்னர் சாட்சியமாகவே அளித்தார்கள். அதில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. அவர்களை விடுவிக்கப் போராடிய யூட் பெண் ஷாஷீனின் கதையை அவளுடைய இளமையிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

குடியேறிகள் சூசன் என்று அழைத்த ஷாஷீன், யூட் தலைவர் யூரேயின் தங்கை. இளம்பெண்ணாக இருந்தபோது அரபஹோ என்ற மற்றொரு பழங்குடி மக்களிடம் சிறைப்பட்ட அவளை 1863இல் படைவீரர்கள் மீட்டனர். அதன்பின் அவள் தன் இனத்தாரிடம் திரும்பிச் சேர்ந்தாள். சமவெளியில் தங்கம் தேடி வந்தவர்களின் கூட்டம் பெருகி, வேட்டை நிலம் சுருங்கி, பழங்குடிகளுக்கிடையிலான பழைய பகையும் கூர்மையடைந்திருந்த காலம் அது. யூரேயின் சின்னஞ்சிறு மகனையும் அந்நாள்களிலேயே சூ (Sioux) பழங்குடி மக்கள் கவர்ந்து சென்றார்கள். அவனைத் தேடித் தருவதாக அரசுத் தூதர் ஃபீலிக்ஸ் புரூனோ வாக்களித்தார். 1873 உடன்படிக்கையில் சான் வான் மலைப்பகுதியின் ஏறத்தாழ 37 லட்சம் ஏக்கர் நிலம் யூட்களின் கையைவிட்டுப் போயிற்று, மகனோ தந்தையிடம் வந்து சேரவில்லை. ஒரு தகப்பனின் ஏக்கம் நிலப்பேரத்தின் நடுவே வைக்கப்பட்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மீட்கப்பட்ட ஷாஷீன், ஜான்சன் என்ற யூட் தலைவரை மணந்தாள். குதிரைகளின் மேய்ச்சல் நிலத்தை உழுவதில் பிடிவாதமாக இருந்த மீக்கருடன் கைகலந்தவர் இதே ஜான்சன்தான். ஆகவே 1879 அக்டோபரில் அரசின் தூதராகச் சார்லஸ் ஆடம்ஸ் பேச்சுவார்த்தைக்கு வந்தபோது, சிறைப்பட்டவர்களை விட்டுவிடுங்கள் என்று ஆண்கள் கூடியிருந்த அவையில் அவள் வாதாடியது, தன் கணவரும் சுற்றத்தாரும் கொண்டிருந்த கோபத்தை எதிர்த்துநின்ற செயல். மீட்கப்பட்ட பெண்களே அவளுடைய பரிவை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

இதற்குக் கிடைத்த பலனையும் மாணவர்கள் அறிய வேண்டும். யூட்கள் வெளியேற வேண்டும் என்ற முழக்கம் மாநிலமெங்கும் எழுந்தது. 1881இல் ஒயிட் ரிவர் யூட்களும் யூரேயின் அன்கம்பாக்ரே யூட்களும் யூட்டா நிலப்பரப்புக்கு அகற்றப்பட்டார்கள். கொலையில் பங்கில்லாத அன்கம்பாக்ரே மக்களும் தங்கள் பள்ளத்தாக்கை இழந்தார்கள்.

ஜோசஃபின் தன் அனுபவத்தை எழுதினார், மேடைகளிலும் பேசினார். ஷாஷீனின் சிறைவாசமோ பெரும்பாலும் பிறர் சொல்லி எழுதப்பட்டதாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. வெள்ளையருக்கு உதவிய நல்ல பெண் என்ற ஒற்றைச் சித்திரத்துக்குள் அவளை அடைத்துவிடாமல், 1863ஐயும் 1879ஐயும் ஒரே பாடமாக அமையுங்கள். அந்தப் பாடத்தை எழுதும் குழுவில் தெற்கு யூட், யூட் மவுண்டன் யூட் ஆகிய இன்றைய யூட் பழங்குடிகள், யூட்டாவில் உள்ள யூயின்டா-யூரே பழங்குடி ஒதுக்கிடம் ஆகியவற்றின் பிரதிநிதிகளைத் தொடக்கத்திலேயே அமர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரலாற்றில் அக்கறையுள்ள ஒரு தமிழ் வாசகர்